ஏக்கருக்கு எத்தனை லீற்றர்? மலை வயலில் அறுவடை இயந்திரத்தின் டீசல் கணக்கு

பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் இரவு என் தம்பி வீட்டுக்கு வந்து, தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். கீழ்நாட்டு மஹியங்கனைப் பக்கத்திலிருந்து மலையிலுள்ள வெலிமடைக்கு லொறியில் ஏற்றிவந்த ஓர் அறுவடை இயந்திரத்துக்கு அவன்தான் ஓட்டுநர். அன்றைய வேலை முடிந்ததும் உரிமையாளர் கணக்குப் பார்த்திருக்கிறார். கீழ்நாட்டில் ஏக்கருக்கு ஒன்பது லீற்றரில் முடிகிற வேலைக்கு இங்கே பதினைந்து லீற்றர் போயிருக்கிறது. "மிச்ச டீசல் எங்கே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

"அண்ணே, ஒரு சொட்டுகூட நான் எடுக்கவில்லை" என்றான் தம்பி.

நான் இயந்திரம் பழுதுபார்த்துப் பிழைப்பவன். அவன் சொன்னதை நம்புவதற்கு எனக்கு அவன் முகமே போதும். ஆனால் உரிமையாளருக்குக் கணக்குதான் வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தபோதுதான், மலைநாட்டில் இந்த இயந்திரத்தின் எரிபொருளை நாம் எவ்வளவு தவறாக அளக்கிறோம் என்பது தெரிந்தது. தோட்டத்து லயங்களிலிருந்து கீழே இறங்கி லொறி, டிராக்டர், அறுவடை இயந்திரம் என்று ஓட்டப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இதே கேள்விக்குத் தலைகுனிந்து நின்றிருப்பார்கள். வயல் அவர்களுடையதும் இல்லை, இயந்திரம் அவர்களுடையதும் இல்லை. டீசல் குறைந்தால் பழி மட்டும் அவர்கள் தலையில் விழுகிறது.

சிங்கள விவசாயிகள் 'பூதயா' என்று பெயர் வைத்திருக்கும் இந்த இயந்திரம் ஒரே ஓட்டத்தில் கதிரை வெட்டுகிறது, அடிக்கிறது, தூற்றுகிறது, நெல்லைத் தொட்டியில் சேர்க்கிறது. நம் பக்கம் வருபவற்றில் பெரும்பாலானவை ரப்பர் செயினில் நகர்பவை. வெட்டு அகலம் சுமார் 2 மீற்றர், எஞ்சின் 70 குதிரைவலு அளவு. ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி சக்தி அடங்கியிருக்கிறது. நல்ல நிலையில், நல்ல சுமையில் ஓடும் எஞ்சின் அதில் மூன்றிலொரு பங்கைச் சற்றுத் தாண்டியே சுழலும் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடும். கிடைத்த மூன்றிலொரு பங்கையும் கத்தி, கதிரடிக்கும் உருளை, சல்லடை, காற்றாடி, செயின் என்று எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. உள்ளே ஒரு கதிர்கூட நுழையாமல் எல்லாவற்றையும் சும்மா சுழலவிட்டாலே கணிசமான டீசல் செலவாகும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாம் எளிதாக விளங்கும்.

எரிபொருளைச் சொல்வதற்கு மூன்று அளவுகள் இருக்கின்றன. மணிக்கு எத்தனை லீற்றர் என்பது ஒன்று, ஏக்கருக்கு எத்தனை லீற்றர் என்பது இன்னொன்று. மூன்றாவது, ஒரு லீற்றருக்கு எத்தனை புசல் (ஒரு புசல் சுமார் 21 கிலோ) நெல் தொட்டிக்கு வந்தது என்பது. நம்மவர்கள் முதல் இரண்டையும்தான் பேசுகிறார்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. முதலாவது மலையில் எப்படி ஏமாற்றுகிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கால் காட்டுகிறேன். இதில் வரும் வேகமும் எரிபொருள் அளவும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் இயந்திரத்தின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது மணிக்கு 12 லீற்றரும், திரும்பும்போதும் வரம்பு தாண்டும்போதும் மணிக்கு 6 லீற்றரும் குடிக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டும் வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர். கீழ்நாட்டில் 100 மீற்றர் நீளம், 40 மீற்றர் அகலம் கொண்ட ஒரே வயல். அதுவே ஏறக்குறைய ஒரு ஏக்கர். 2 மீற்றர் அகலத்தில் 20 ஓட்டம். வெட்டுவதற்கு 40 நிமிடம், 8 லீற்றர். ஒவ்வொரு முனையிலும் திரும்ப 20 விநாடி என்றால் மொத்தம் 7 நிமிடத்துக்குள், முக்கால் லீற்றருக்கும் குறைவு. ஆக ஏக்கருக்கு 8.7 லீற்றர்.

இப்போது மேலே வாருங்கள். வெலிமடைச் சரிவில் 10 பேர்ச்சஸ் கொண்ட ஒரு படி வயல்: 32 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். நான்கே ஓட்டத்தில் வெட்டி முடிந்துவிடும். வெட்டும் நேரம் இரண்டரை நிமிடம், அரை லீற்றர். ஆனால் இந்த இடுக்கில் ஒருமுறை திரும்ப, முன்னும் பின்னும் அசைத்து, 40 விநாடியாவது வேண்டும். அடுத்த படிக்கு வரம்பு தாண்டி இறங்க ஒன்றரை நிமிடம். வெட்டிய நேரத்தைவிட அலைந்த நேரம் அதிகம். கூட்டினால் 10 பேர்ச்சஸுக்கு 0.93 லீற்றர். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்பதால் பதினாறால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 15 லீற்றர்.

இதே இரண்டையும் மணிக்கணக்கில் பாருங்கள். கீழ்நாட்டில் மணிக்கு 11 லீற்றர். மலையில் மணிக்கு 8.3 லீற்றர். மணிக்கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு மலையில் இயந்திரம் சிக்கனமாக ஓடுவதுபோலத் தெரியும்; ஏக்கர்க் கணக்கைப் பார்ப்பவருக்கு ஓட்டுநர் திருடியதுபோலத் தெரியும். இரண்டும் பொய்த் தோற்றம். இயந்திரம் ஒன்று, ஓட்டுநர் ஒருவர், நிலம்தான் வேறு. ஏக்கருக்கு 80 புசல் விளைந்தது என்று கொண்டால், கீழே ஒரு லீற்றருக்கு 9 புசலுக்குச் சற்று மேல், மேலே ஐந்தரை புசலுக்கும் கீழ். தம்பியின் மேல் விழுந்த அந்த ஆறு லீற்றர் முழுவதும் வரம்புகளிலும் மூலைகளிலும்தான் எரிந்திருக்கிறது.

காகிதக் கணக்கு இவ்வளவுதான். உண்மையில் எவ்வளவு எரிந்தது என்பதை அளக்க வேண்டாமா? இங்கேதான் மலை இன்னொரு வேலையைக் காட்டுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த முறை, தாங்கியைக் கழுத்துவரை நிரப்பி, வேலை முடிந்ததும் மறுபடி கழுத்துவரை நிரப்பி, ஊற்றிய அளவைக் குறித்துக்கொள்வது. மலிவான முறை, நம்பகமானதும்கூட. ஆனால் இரண்டு தடவையும் இயந்திரம் ஒரே இடத்தில், ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஒரு தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வெறும் 5 பாகை சாய்ந்து நின்றால் தாங்கியின் ஒரு முனை மறு முனையைவிட 5 சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். வாய் தாழ்ந்த பக்கத்தில் இருந்தால், மேற்பக்கத்தில் ஆப்பு வடிவில் காற்று நிற்க, 6 லீற்றர் குறைவாகவே தாங்கி 'நிறைந்துவிட்டது' என்று காட்டும். தம்பி மேல் வந்த பழியும் ஆறு லீற்றர்தான். எங்கள் பாதைகளில் 5 பாகைச் சாய்வு என்பது கண்ணுக்கே தெரியாத சாய்வு. நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம் ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். அதில் சுண்ணாம்பால் செயினின் தடத்தை வரைந்து, காலையும் மாலையும் அதே தடத்தில் நிறுத்துங்கள்.

ஊற்றும்போது டீசல் நுரைக்கும். நுரை அடங்க இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து மறுபடி ஊற்றினால் கொஞ்சம் இறங்கும். இன்னொன்று சூடு. எஞ்சினுக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை; ஒரு பகுதி சூடாகித் தாங்கிக்கே திரும்பி வருகிறது. வேலை முடிந்த கையோடு தாங்கியைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும். ஒரு பாகை சூட்டுக்கு டீசல் நூற்றில் 0.08 பங்கு விரிகிறது. 50 லீற்றர் டீசல் 25 பாகை சூடேறினால் ஒரு லீற்றர் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். அதிகாலைக் குளிரில் நிரப்பி, மாலையில் சூட்டோடு அளந்தால் இந்தப் பிழை கணக்கில் ஏறிவிடும். நான் செய்வது இதுதான்: இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை அதே நேரத்தில் நிரப்பி அளப்பது. ஒரு நாள் பொறுக்க வேண்டும், ஆனால் எண் நேர்மையாக வரும்.

சிறிய வயலுக்குத் தனியாக அளக்க வேண்டுமானால், கோடு போட்ட தெளிவான குடுவையிலிருந்து எஞ்சினுக்கு டீசல் கொடுக்கலாம். அப்போது திரும்பி வரும் குழாயையும் அதே குடுவைக்குள் விட வேண்டும். அதை மறந்து தாங்கிக்கு விட்டுவிட்டு, 'இந்த எஞ்சின் பேயாய்க் குடிக்கிறது' என்று பம்பைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய இயந்திரங்களில் திரையிலேயே அளவு வருகிறது. அது எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ளே தெளித்த டீசலைக் கணக்கிட்டுச் சொல்லும் எண்; போகத்துக்கு ஒருமுறையாவது சீமெந்துத் தள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்பலாம்.

நெல்லின் பக்கத்திலும் கவனம் வேண்டும். ஒரு புசல் ஏறக்குறைய 21 கிலோ. ஆனால் 22 சதவீத ஈரத்தில் வெட்டிய 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் 91 கிலோவுக்கும் சற்றுக் குறைவாகிவிடும். ஈரத்தைக் குறிக்காமல் இரண்டு நாட்களை ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்துவிடும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் போட்டு, 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து எண்களை வெளியிடுகிறது. டிராக்டரைத் தளத்தில் நிறுத்தி அளந்துவிடலாம். அறுவடை இயந்திரத்துக்கு அது சரிவராது. பயிர் மாறினால், ஈரம் மாறினால், சேறு மாறினால் எண்ணும் மாறுகிறது. ஐ.எஸ்.ஓ. 8210 என்ற சோதனை முறை இதற்காகவே எழுதப்பட்டது. ஆனாலும் எங்கோ ஒரு சமவெளிக் கோதுமை வயலில் கிடைத்த எண்ணைக் கொண்டுவந்து உமா ஓயாக் கரைப் படி வயலில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. நம் எண்ணை நாமே எடுக்க வேண்டும்.

இனி, எப்படிக் குறைப்பது? டிராக்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: கியரைக் கூட்டி, எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் டீசல் மிச்சம். டிராக்டருக்கு அது சரிதான். அறுவடை இயந்திரத்தில் அதைச் செய்தால் கெடுதி. உருளையும் சல்லடையும் காற்றாடியும் எஞ்சினோடு கட்டுண்டவை. எஞ்சின் தணிந்தால் உருளை தணியும், கதிரில் நெல் ஒட்டிக்கொண்டே வைக்கோலோடு வெளியே போகும். காற்றாடி தணிந்தால் பதர் நெல்லோடு சேரும். ஏக்கருக்கு 80 புசல் விளைச்சலில் 3 சதவீதம் வைக்கோலில் போனால் 50 கிலோ நெல். அரை லீற்றர் டீசலை மிச்சம்பிடித்து ஒரு மூட்டை நெல்லைப் பறவைக்குப் போடுவதை எந்த விவசாயியும் மன்னிக்க மாட்டார். எஞ்சின் வேகத்தை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, கத்தியின் முழு அகலத்துக்கும் பயிர் கொடுப்பதுதான் வழி. இரண்டு மீற்றர்க் கத்தியில் ஒன்றரை மீற்றர் பயிர் ஓடினால், மீதி அரை மீற்றருக்கும் சேர்த்து எல்லாம் சும்மா சுழல்கின்றன.

அடுத்தது வெட்டும் உயரம். உள்ளே போவதில் நெல்லுக்குச் சமமான எடையில் வைக்கோலும் இருக்கும். கத்தியைத் தூக்கினால் வைக்கோல் குறையும், உருளையின் சுமை குறையும், டீசலும் குறையும். ஆனால் வெலிமடையில் நெல்லுக்குப் பின்னால் அதே வயலில் சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கு வருகிறது. உயரமாக விட்ட தாளை மண்ணோடு புரட்ட லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) இன்னொரு சுற்றுப் போக வேண்டியிருந்தால், இங்கே மிச்சமானது அங்கே எரிந்துவிடும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டியவர்கள் தாழ வெட்டவே சொல்வார்கள். ஆகவே வயல்காரரிடம் அடுத்து என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கத்தியை வைப்பது நல்லது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் ஓட்டுநர்கள் மிகக் குறைவு.

பனி இங்கே பெரிய எதிரி. நனைந்த வைக்கோல் உருளையில் சுற்றிக்கொள்ளும். காய்ந்ததைவிட அதிக வலு கேட்கும். சல்லடையில் ஒட்டிக்கொண்டு நெல்லை வெளியே தள்ளும். கீழ்நாட்டில் எட்டு மணிக்குத் தொடங்குபவர்கள் இங்கேயும் அதே நேரத்தில் இறங்கப் பார்க்கிறார்கள். மணிக்கணக்கில் கூலி பேசியிருந்தால் அவசரம் இன்னும் கூடும். கதிரை உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். கை நனைந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

சேற்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். செயின் ஒரு சாண் புதைந்தால், இயந்திரம் தன் எடையைத் தானே இழுத்து ஏறிக்கொண்டே போகிறது. வெட்டுவதற்கு வேண்டிய வலு நகர்வதற்கே போய்விடும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமவெளியில் உங்கள் வயலை நீங்கள் வடித்தால் காய்ந்துவிடும். படி வயலில் அப்படி இல்லை. மேல்படிக்காரர் தண்ணீர் கட்டி வைத்திருந்தால், அது வரம்புக்கு அடியில் கசிந்து உங்கள் வயலின் உட்பக்க ஓரத்துக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு முறை அந்த ஓரத்தில் கம்பை ஊன்றிப் பார்த்தேன். வெளிப்பக்கம் நான்கு விரல்கூட இறங்காத கம்பு, உட்பக்கம் முழங்கை ஆழம் இறங்கியது. அந்த உட்பக்க ஓரத்தில் ஓடிய நான்காவது ஓட்டத்தில்தான் இயந்திரம் கறுப்புப் புகை கக்கியது. உங்கள் டீசல் செலவு மேல்படிக்காரர் எப்போது மடையைத் திறக்கிறார் என்பதில் இருக்கிறது. போக ஆரம்பக் கூட்டத்தில் விதைக்கும் தேதியைப் பேசுகிறோம், தண்ணீர் திறக்கும் தேதியைப் பேசுகிறோம். வடிக்கும் தேதியையும் மேலிருந்து கீழ்வரை வரிசையாக அங்கேயே பேசி, விவசாய அமைப்பும் கமநல சேவை நிலையமும் எழுதிவைத்தால், எந்த உதிரிப்பாகம் மாற்றுவதைவிடவும் அதிகமான டீசல் மிச்சமாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

வயல்களை வெட்டும் வரிசையும் அப்படித்தான். ஒரே மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் துண்டுகள் இரண்டு மூன்று பேருக்குச் சொந்தமாக இருக்கும். யார் முதலில் சொன்னார் என்ற கணக்கில் இயந்திரம் மேலும் கீழும் ஏறி இறங்கினால் வரம்புதான் உடையும், டீசல்தான் போகும். ஒரு மட்டத்தை முடித்துவிட்டு அடுத்த மட்டத்துக்கு இறங்குவது, இறங்குமுன் நெல்தொட்டியைக் காலிசெய்வது, வரம்பை நேர்குத்தாகத் தாண்டுவது, தாண்டும் இடத்தில் மண்ணைச் சரித்துப் பாதை செய்து வைப்பது — இவ்வளவுதான். நேர்குத்தாகத் தாண்டுவது டீசலுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும். சாய்வாக ஏறிய இயந்திரம் கவிழ்ந்தால் ஓட்டுநருக்கு ஒதுங்க இடமில்லை. நான்கு மூலைகளையும் ஆட்கள் அரிவாளால் முன்பே வெட்டி வைத்தால் திரும்பும் நேரம் பாதியாகும்.

சாக்குக்காகவும் லொறிக்காகவும் காத்து நிற்கும் நேரம் இன்னொரு ஓட்டை. காத்திருக்கும்போது வெட்டும் அடிக்கும் பகுதிகளை விடுவித்து எஞ்சினைத் தணிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றால் நிறுத்தியே விடலாம். 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். அந்த நாட்களில் கலனோடு இரவு பகலாக வரிசையில் நின்றவர்களுக்கு, உறுமிக்கொண்டே சும்மா நிற்கும் இயந்திரத்தைப் பார்த்தால் வயிறு எரியும்.

இயந்திரத்தின் உள்ளே செய்ய வேண்டியவை புதிதல்ல: எயார் ஃபில்டர் தினமும், ரேடியேட்டர் வலையில் ஒட்டும் பதர் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை, கத்தியின் கூர், பெல்ட்டின் இறுக்கம், செயினின் இறுக்கம். உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிகிறது. டேர்போ உள்ள எஞ்சின் இதைப் பெரும்பாலும் சமாளிக்கும். டேர்போ இல்லாத எஞ்சினை மஹியங்கனையில் டீசல் அளவு கூட்டிவைத்துக் கொண்டுவந்தால் இங்கே காற்று போதாமல் புகையாகத்தான் வெளியேறும்.

லொறிச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு ஏக்கருக்காக மலை ஏறி வந்து திரும்பும் இயந்திரத்துக்கு, வயலில் எரிந்ததைவிடப் பாதையில் எரிந்தது கூடுதலாக இருக்கும். ஒரே வயல்வெளியில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வருமாறு நட்டிருந்தால்தான் இது குறையும்.

தம்பியின் விடயத்துக்கு வருகிறேன். மறுநாள் ஆறு மணிக்கே, அந்த ஊரின் காயவைக்கும் தளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். உரிமையாளரை வரவழைத்து, அவர் கையாலேயே அளவுக் கலனில் ஊற்றச் சொன்னோம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் வரம்பில் நின்று வெட்டிய நேரம், திரும்பிய நேரம், தாண்டிய நேரம், நின்ற நேரம் என்று நான்கு பத்திகளில் எழுதினேன். நண்பகலுக்குள் அவரே என் பக்கத்தில் வந்து நின்று பக்கத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அடுத்த நாள் காலை அதே கோட்டில் நிறுத்தி நிரப்பினோம். ஏக்கருக்குப் பதினான்கே முக்கால் லீற்றர் வந்தது. அவர் கலனைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் தோளில் கையைப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, வரம்பு தாண்டிய பத்தியில் விரலை வைத்து, "இதைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அன்று மாலை மண்வெட்டியோடு மூன்று பேர் வந்து, நான்கு இடங்களில் வரம்பைச் சரித்துப் பாதை போட்டார்கள்.